“ஆத்துல எதையும் விட்டுட்டு வராதீங்க!” - அம்பையில் நான்கு தோழிகள், நான்கு நாள்கள்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தூக்கத்திலும் போன் அதிர்ந்ததுபோல இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஏப்ரல் மாதம் முழுக்க எனக்கு இப்படித்தான் போனது. “ரெண்டு நாள் லீவு போட்டு எங்கயாச்சும் போயிட்டு வாயேன்” என்று அம்மா சொன்ன அதே இரவில்தான் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜ் வந்தது.

“மே கடைசி வாரம் எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க. ஆத்துல குளிக்கலாம். வேற ஒண்ணும் கிடையாது.”

இதழியல் டிப்ளமோ படித்தபோது ஒரே அறையில் இருந்த நான்கு பேர் நாங்கள். படிப்பு முடித்து நான்கு வருடங்கள் ஆகின்றன. குரூப்பில் பிறந்த நாள் வாழ்த்தும் வேலைவாய்ப்பு விளம்பரங்களும் தவிர வேறு எதுவும் வருவதில்லை. கடந்த டிசம்பரில் எங்களில் ஒருத்தியின் அம்மா இறந்துபோனார். அதற்குக்கூட நாங்கள் மூவரும் மூன்று வெவ்வேறு நாள்களில்தான் போய்ப் பார்க்க முடிந்தது. அந்தக் குற்ற உணர்வும் சேர்ந்துதான் இந்த முறை யாரும் “பார்க்கலாம்” என்று சொல்லவில்லை. நான்கு பேரும் “வர்றோம்” என்றோம்.

கட்டுரையில் பெயர் போடக் கூடாது என்று மூவரும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் ஹாஸ்டலில் கூப்பிட்டதுபோல ஊர்ப் பெயரிலேயே எழுதுகிறேன். அம்பைக்காரி, அருப்புக்கோட்டைக்காரி, ஓசூர்க்காரி. நான் ஆவடிக்காரி.

ஜன்னலோரத்தில் தொடங்கிய ஓய்வு

எழும்பூரில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ். காலையில் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கி, செங்கோட்டை செல்லும் பாசஞ்சரில் ஏறினோம். இந்தப் பாதையில் வேகமாகப் போகிற ரயிலைத் தேடாதீர்கள். நின்று நின்று போகிற பாசஞ்சர்தான் அழகு. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என ஒவ்வொரு நிலையப் பலகையும் எங்கோ கேள்விப்பட்ட பெயராக இருந்தது. காருகுறிச்சி வந்ததும் எதிர் இருக்கைப் பெரியவர், “நாகஸ்வரம் அருணாசலம் ஊரு” என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் பேப்பரைப் பிரித்தார். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டு ஒலிக்கும் நாகஸ்வரம் அவருடையதுதான்.

கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியதும் ரயில் பாலத்தில் ஏறியது. கீழே தாமிரபரணி. மே மாதம் என்பதால் கரை தொட்டு ஓடவில்லை. பாறைகளுக்கு நடுவே இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்து, கண்ணாடி மாதிரி போய்க்கொண்டிருந்தது. மேற்கே பொதிகை மலை நீலமாக நின்றது. அதுவரை ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்த ஓசூர்க்காரி போனைக் கீழே வைத்தாள். பாலம் முடிந்த அடுத்த சில நிமிடங்களில் அம்பாசமுத்திரம். ஊர்க்காரர்கள் வாயில் அம்பை.

நிலையத்துக்கு வந்த அம்பைக்காரி கட்டிப்பிடித்துவிட்டு முதலில் சொன்னது, “ஏட்டி, எல்லாரும் எலும்பும் தோலுமா வந்திருக்கிய!”

ஆச்சியின் மூன்று சட்டங்கள்

அம்பைக்காரி இரண்டு வருடங்களுக்கு முன் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டவள். வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு, பிழை திருத்தம் செய்கிறாள். அந்த வீட்டின் தலைவி அவளுடைய ஆச்சி. வயது 78. கல்யாணமாகி வந்த நாள் முதல் தாமிரபரணியில் குளிப்பவர். ஆற்றுக்கு நடை தூரம் பத்து நிமிடம்தான்.

நாங்கள் பையை வைத்த கையோடு துண்டை எடுத்தோம். ஆச்சி வாசலில் நின்றுகொண்டு வழிமறித்தார்.

“பிள்ளேளா, நீச்சல் தெரியுமா?”

யாருக்கும் தெரியாது.

“அப்போ கேட்டுக்கிடுங்க. ஊர்க்காரங்க குளிக்க துறையில மட்டும்தான் எறங்கணும். ஆளில்லாத எடம் அழகா இருக்குன்னு போவக் கூடாது. ரெண்டாவது, துப்பட்டாவை வீட்டுல வச்சிட்டு வாங்க. பாறையில மாட்டிக்கிடும். மூணாவது, நான் ‘ஏறு’ன்னு சொன்னா ஏன்னு கேக்காம ஏறிரணும்.”

ஓசூர்க்காரி சிரித்துக்கொண்டே, “தண்ணி முழங்கால் அளவுதானே ஆச்சி இருக்கு?” என்றாள்.

“பாக்கதுக்கு முழங்காலளவுதான். அடுத்த எட்டு ஆளை முழுங்கும். இந்த ஆத்துல எங்க கசம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.”

கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான குழி. பாறை அரித்தும் மணல் எடுத்தும் உருவானவை. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கோடை விடுமுறையில் ஆற்றில் மூழ்கி இறந்த வெளியூர்க்காரர்களைப் பற்றிய செய்திகளை நானே எத்தனையோ முறை டைப் செய்து அப்லோடு செய்திருக்கிறேன். ‘ஆழம் தெரியாமல்’ என்ற இரண்டு சொற்கள் அந்தச் செய்திகளில் தவறாமல் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆச்சி சொல்லித்தான் புரிந்தது.

மூன்றாவது சட்டத்துக்கும் காரணம் உண்டு. மேலே பாபநாசம் பகுதியில் நீர்மின் நிலையம் இருக்கிறது. மின் உற்பத்திக்காகத் தண்ணீரைக் கூட்டி விட்டால் கீழே துறைகளில் மட்டம் ஏறும். வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கூடுவதால், மழை இல்லையே என்று நாம் அசட்டையாக இருந்துவிடுவோம். பாறையில் உட்கார்ந்திருந்த ஆச்சி, தண்ணீரைப் பார்க்கவே இல்லை. எதிரே இருந்த ஒரு கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்லின் தலை மறைந்தால் எல்லோரும் ஏறிவிட வேண்டுமாம். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அந்தக் கல்தான் அளவுகோல்.

சட்டங்களை ஏற்றுக்கொண்டு இறங்கினோம். வெளியே அக்னி நட்சத்திரம். உள்ளே தண்ணீர் சில்லென்று இருந்தது. உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் மீன் குஞ்சுகள் வந்து காலைக் கடிக்கத் தொடங்கின. முதல் கடிக்கு நான்கு பேரும் கத்தினோம். பத்தாவது நிமிடம் யாரும் பேசவில்லை. கழுத்தளவு நீரில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் போன் ஆச்சி வீட்டு அலமாரியில் இருந்தது.

மே மாதத்திலும் தண்ணீர் எப்படி?

“எங்க பக்கம் ஆறுன்னா மணலுதான்டி. இங்க எப்படி இந்த வெயில்லயும் ஓடுது?” என்று அருப்புக்கோட்டைக்காரி கேட்டாள். அம்பைக்காரி ஆற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். அன்றும் அப்படித்தான்.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நீளம் சுமார் 128 கி.மீ. தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்நாட்டிலேயே கடலில் கலக்கும் ஆறு என்பதால் தண்ணீருக்காகப் பக்கத்து மாநிலத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மலை உச்சியில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. மழையில்லாத மாதங்களில் சோலைக்காடுகள் உறிஞ்சி வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. வழியில் சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு, சிற்றாறு என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொள்கின்றன. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் தேக்கி வைத்த நீர்தான் கோடையில் குடிநீருக்காக ஆற்றில் விடப்படுகிறது.

“அதனாலதான் இது சும்மா குளிக்க ஆறு இல்ல” என்றாள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் பிரிட்டிஷ் ஆட்சியில், 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய்கள் பிரிந்து, குளங்களை நிரப்பி, கார், பிசானம் என இரண்டு போகம் நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணியை ஆய்வு செய்ததில், பொருநை ஆற்றங்கரை நாகரிகம் 3,200 ஆண்டுகள் பழைமையானது எனத் தெரியவந்ததாக 2021-ல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பொருநை என்பது தாமிரபரணியின் பழைய பெயர்.

எதிரே ஒரு தாத்தா துணி துவைத்துக்கொண்டிருந்தார். “3,200 வருஷமா இந்தத் தாத்தா துவைச்சிட்டிருக்கார்” என்று ஓசூர்க்காரி முணுமுணுக்க, அன்று முதல் தடவையாக அருப்புக்கோட்டைக்காரி சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது.

ஒன்றுமே செய்யாத நாள்

இரண்டாம் நாள் நாங்கள் எங்குமே போகவில்லை. காலையில் ஆறு. திரும்பி வந்தால் உளுந்தஞ்சோறு. தோல் நீக்காத கறுப்பு உளுந்தையும் அரிசியையும் தேங்காய், பூண்டு, வெந்தயம் போட்டு வேகவைத்து, மேலே நல்லெண்ணெய் விட்டு, எள்ளுத் துவையலோடு பரிமாறுகிறார்கள். “வயசுப் பிள்ளேளுக்கு இடுப்புக்கு நல்லது” என்று ஆச்சி மூன்றாவது தடவை போட்டபோது யாரும் மறுக்கவில்லை. மதியம் சொதி. முதல் பால், இரண்டாம் பால் என்று தேங்காய்ப் பால் பிழிந்து, காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற குழம்பு. மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுவீட்டு விருந்தில் வைப்பதாம். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கூடவே கல்லிடைக்குறிச்சி அப்பளம். தேங்காய்ப் பாலின் மந்தத்தை இஞ்சி சரிக்கட்டிவிடும் என்பது ஆச்சியின் கணக்கு.

சாயங்காலம் தெருவில் நுங்கும் பதநீரும் வந்தது. பனை ஓலைப் பட்டையை இரண்டு கையிலும் ஏந்திப் பதநீர் குடிக்க எங்களுக்கு வரவில்லை. பாதி சட்டையில்தான் போனது.

இரவு மொட்டை மாடியில் பத்தமடைப் பாய். அம்பையிலிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில்தான் பத்தமடை. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லியதாகக் கிழித்து நெய்கிற பாய் அது. புவிசார் குறியீடு பெற்றது. ‘கல்யாணப் பாய்’ என்று மணமக்கள் பெயர் போட்டு நெய்து தருவார்களே, அதுவும் அங்கேதான். நாங்கள் படுத்தது சாதாரணப் பாய்தான். ஆனால், மலைப் பக்கமிருந்து வந்த காற்றுக்கும் அந்தப் பாயின் குளிர்ச்சிக்கும் பத்து மணிக்கெல்லாம் தூங்கிப்போனோம். இரவு முழுவதும் எந்த போனும் என் கனவில் அதிரவில்லை.

மூன்றாம் நாள் மாலை திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம். ஆற்றங்கரையிலேயே நாறும்பூநாதர் கோயில். அதன் கோபுரத்துக்குள், நிலை நிலையாகப் பழைய சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. ஊரைச் சுற்றி நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால், 2005-ல் இந்த ஊர் பறவைகள் பாதுகாப்பு இடமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றோர மருத மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கிளம்பி ஆற்றைத் தாண்டிப் போயின. படித்துறையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் அதைப் பார்த்தோம். அப்போதுதான் அருப்புக்கோட்டைக்காரி சொன்னாள்.

“நாளைக்கு பாபநாசம் போகணும்டி. எனக்கு அங்க ஒரு வேலை இருக்கு.”

பாபநாசத்தில் ஒரு சேலை

இந்தப் பகுதியை அவளிடம் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகுதான் எழுதுகிறேன்.

அம்பையிலிருந்து பாபநாசத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு. அரை மணி நேரம்கூட ஆகாது. மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடும் இடத்தில் பாபநாசநாதர் கோயில் இருக்கிறது. நவ கயிலாயங்களில் முதலாவது. எதிரே படித்துறை. இறங்கிக் குளித்தால் பாவம் தீரும் என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கவும் வருகிறார்கள். 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் நடந்தபோது கூட்டம் அலைமோதிய இடங்களில் இதுவும் ஒன்று.

படியில் உட்கார்ந்ததும் அவள் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்தாள். உள்ளே அம்மாவின் சேலை. இளம் பச்சையில் அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலை. அருப்புக்கோட்டைத் தறியில் நெய்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா கடைசியாகக் கட்டியிருந்தது.

“ஜாதகம் பார்த்தவரு சொன்னாராம். இதைப் பாபநாசத்து ஆத்துல விட்டுட்டா அம்மாவுக்கும் நிம்மதி, வீட்டுக்கும் நல்லதுன்னு. பெரியம்மா அஞ்சு மாசமா சொல்லிட்டே இருக்காங்க. நீங்க கூப்பிட்டப்ப, சரி, இதையும் முடிச்சிடலாம்னு...”

எங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அம்பைக்காரியின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. காரணம், படித்துறையே எங்கள் கண் முன்னால் இருந்தது. கடைசிப் படிகளில் வேட்டிகள், நைட்டிகள், சிறு பிள்ளைகளின் சட்டைகள். தண்ணீருக்குள் பாறையைச் சுற்றிக்கொண்டு ஒரு நைலக்ஸ் சேலை பாசி பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டுப் போட்டிருந்த துணியை ஆற்றிலேயே விடுவது இங்கே வெகுகாலமாக நடக்கிறது. தன்னார்வலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் டன் கணக்கில் துணிகளை அள்ளியிருக்கிறார்கள். அள்ளி முடித்தால் மறுபடி சேர்கிறது. செயற்கை இழைத் துணி மட்காது. பாறை இடுக்கிலும் மரத்தின் வேரிலும் சுற்றிக்கொள்ளும். குளிக்கிறவர்களின் காலிலும்தான். ஆச்சி துப்பட்டாவைக் கழற்றச் சொன்ன காரணம் அங்கே மிதந்துகொண்டிருந்தது.

“ஏட்டி, வேண்டாம்” என்றாள் அம்பைக்காரி. கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள்.

“ஒரு சேலைதானடி. அதுவும் காட்டன். மக்கிப் போயிடும்.”

“எல்லாரும் ஒண்ணுதான் விடுதாங்க.”

அருப்புக்கோட்டைக்காரியின் கண் கலங்கிவிட்டது. “உனக்கு ஆறு. எனக்கு அம்மா” என்றாள். நான்கு நாள்களாக இறங்கியிருந்த இறுக்கம் ஒரே நொடியில் திரும்ப வந்துவிட்டது. ஓசூர்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் சொல்வதும் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

அதுவரை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஆச்சி எழுந்து வந்தார். சேலையை வாங்கி மடியில் வைத்து, முந்தானையைத் தடவிப் பார்த்தார்.

“நல்ல நூலு. உங்க அம்மை நல்லா வச்சிருந்திருக்கா” என்றார். பிறகு கேட்டார். “உங்க ஊர்ல குடிக்கத் தண்ணி எங்கேருந்துட்டி வருது?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “கொழாய்ல ஆச்சி. முறை வச்சு விடுவாங்க” என்றாள்.

“அது எந்த ஆத்துத் தண்ணி?”

அவள் பதில் சொல்லச் சில நொடிகள் ஆயின. “தாமிரபரணி.”

உண்மைதான். நெல்லை, தென்காசி, தூத்துக்குடியோடு விருதுநகர் மாவட்டத்துக்கும் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் தண்ணீர் போகிறது. அருப்புக்கோட்டையும் அதில் உண்டு. அவள் அம்மா குடம் வைத்துப் பிடித்த தண்ணீர், இந்தப் படித்துறையைத் தாண்டிப் போனதுதான்.

“உங்க அம்மை காலம்பூரா சோறு பொங்குன தண்ணி இது. அவ சேலையை அவளே இதுல போடுவாளா?” என்றார் ஆச்சி. “சாஸ்திரம் நீ பாக்க வேண்டியதுதான். நான் குறுக்க நிக்க மாட்டேன். முங்கி எடு. ஆத்துக்குக் காட்டியாச்சுன்னு நெனச்சுக்க. விட்டுட்டு மட்டும் வராத.”

கொடியில் காய்ந்த சேலை

அவள் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு சேலையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். அம்பைக்காரி ஒன்றும் சொல்லாமல் கூடவே இறங்கினாள். இடுப்பளவு நீரில் நின்று சேலையை விரித்தார்கள். ஒரு முனையை இவள் பிடித்திருந்தாள், மறுமுனையை அவள் பிடித்திருந்தாள். ஓட்டத்தில் சேலை நீளமாக விரிந்து ஆடியது. எதையோ பேசினார்கள். கரையிலிருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதுமில்லை. பிறகு மூன்று முறை முக்கி எடுத்து, இருவருமாக முறுக்கிப் பிழிந்தார்கள்.

ஏறி வரும்போது அம்பைக்காரியின் காலில் ஏதோ சுற்றியது. குனிந்து இழுத்தால் யாரோ விட்டுப்போன வேட்டி. அதைச் சுருட்டிக் கரையில் போட்டாள். அருப்புக்கோட்டைக்காரி பக்கத்தில் கிடந்த ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து அதன் மேல் போட்டாள். ஓசூர்க்காரியும் நானும் இறங்கினோம். அரை மணி நேரம் கைக்கு எட்டியதை எல்லாம் எடுத்தோம். படித்துறையின் ஒரு மூலைகூடச் சுத்தமாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், அந்தக் குவியலைப் பார்த்த ஒரு குடும்பம், விடுவதற்காக எடுத்த துண்டைத் திரும்பப் பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன்.

அன்று மாலை ஆச்சி வீட்டுக் கொல்லைக் கொடியில் அந்தப் பச்சைச் சேலை காய்ந்தது. ஆச்சியே மடித்துக் கொடுத்தார். ஊருக்குக் கிளம்பும்போது அருப்புக்கோட்டைக்காரி அதை மஞ்சள் பைக்குள் வைக்கவில்லை. ரயிலில் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டு வந்தாள். “பெரியம்மா கேட்டா என்ன சொல்லுவ?” என்றேன். “ஆத்துல காட்டிட்டேன்னு சொல்லுவேன். பொய்யில்லையே” என்றாள்.

ஓய்வு என்றால் எல்லாவற்றையும் எங்காவது இறக்கி வைத்துவிட்டு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நான்கு நாள்களில் நான் தூங்கினேன், சாப்பிட்டேன், சிரித்தேன். ஆனால், உடம்புக்கும் மனதுக்கும் உண்மையிலேயே இதமாக இருந்தது, நான்கு வருடங்களாகச் சேர்த்துவைத்திருந்த பாரத்தைச் சிநேகிதிகளோடு சேர்ந்து பிடித்துப் பிழிந்ததுதான்.

நீங்களும் கிளம்புகிறீர்களா?

* சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில். அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சரிலோ பேருந்திலோ அம்பாசமுத்திரம். கோடை விடுமுறைக்கு முன்பதிவு முக்கியம்.

* அமைதி வேண்டுமா, மே மாதம் போங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஆற்றில் தண்ணீர் கூடும், குற்றால சீஸன் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

* அகஸ்தியர் அருவி, காரையாறு, மணிமுத்தாறு அருவி ஆகியவை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதியில் வருகின்றன. 1988-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இது. வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக முடியும். அனுமதி நேரத்தையும், அன்று அனுமதி உண்டா என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது.

* ஊர் மக்கள் குளிக்கும் துறையில் மட்டும் இறங்குங்கள். அணைக்கட்டுகளின் அருகிலும், ஆளில்லாத இடங்களிலும் வேண்டாம். குழந்தைகளைக் கை எட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். தண்ணீர் கூடுகிறது என்று யாராவது சொன்னால் உடனே ஏறிவிடுங்கள்.

* சோப்பு, ஷாம்பு பாக்கெட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஈரத்துணிக்கு ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். உடுத்திப்போன துணியோடுதான் திரும்ப வர வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு தெருக் குழாய். கீழே பச்சை பிளாஸ்டிக் குடம். கூடவே ஒரு வரி: “இன்னிக்கு எங்க தெரு முறை. ஆச்சிகிட்ட சொல்லு, தண்ணி வந்து சேர்ந்துடுச்சுன்னு.”